பச்சை விளக்கு எரிந்த சார்ஜர்

இறந்துபோன மருமகளின் லேப்டாப் ஒரே ஒரு தடவை உயிர் பெற்று எழுந்தால் போதும், லாக்கப்பில் இருக்கும் மூத்த மகன் வீடு திரும்பிவிடுவான் என்று அந்த அம்மாள் நம்பினாள்.

"நான் ஆபீஸ் கிளம்பும்போது அவ உக்காந்து டைப் அடிச்சுட்டு இருந்தான்னு பெரியவன் சொல்றான், தம்பி. போலீஸ் நம்ப மாட்டேங்குது. இந்த மிஷின் எப்பவோ செத்துப்போச்சு, செத்த மிஷின்ல அவ எப்படி டைப் அடிப்பான்னு கேக்குறாங்க."

பேசும்போதுகூட அவள் அறைக்குள் வரவில்லை. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள். உள்ளே ஜன்னலின் கீழ்ப்பக்கத்துக் கல் விளிம்பில் ஒரு மூலை மட்டும் பழுப்பேறிக் கிடந்தது. மருமகளின் தலை மோதிய மூலை அது. போலீஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்ததே இன்று காலையில்தான். கழுவித் துடைக்க யாருக்கும் கை வரவில்லை.

சர்வேயர் மேஜையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சர்வேயர் என்பது அவருடைய பெயரல்ல, பழைய தொழில். எரிந்த கடை, நொறுங்கிய கார், இடிந்த சுவர் ஆகியவற்றைப் பார்த்து, எது தானாக நடந்தது, எது நடத்தப்பட்டது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர். இப்போது அதே வேலையை மனிதர்களுக்குச் செய்கிறார். கூட வந்திருந்தவள் அவருடைய அக்கா மகள். அவளுக்கு 'ரேடியோ' என்று பட்டம் வைத்ததும் அவர்தான். அணைக்கிற பொத்தான் இல்லாத ரேடியோ.

"இன்ஸ்பெக்டர் இதைப் பாத்தாரா?" என்று கேட்டார் சர்வேயர்.

"ஒரு ரிப்பேர்காரரைக் கூட்டிட்டு வந்தார். அவர் நின்னுட்டே பட்டனை அமுக்கினார், உதட்டைப் பிதுக்கினார், உள்ள இருக்குற போர்டு போச்சுன்னார், போயிட்டார். உபயோகமில்லாததுன்னு இதை இங்கயே விட்டுட்டாங்க."

"போஸ்ட்மார்ட்டம் பண்ணாமலே புதைச்சுட்டாங்க" என்றாள் ரேடியோ. சொன்ன பிறகுதான் எந்த வீட்டில் நின்று சொல்கிறோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

விஷயம் சிக்கலானதல்ல. முந்தின இரவு கணவன் மனைவிக்குள் சண்டை. கீழ்வீடு வரைக்கும் கேட்டிருக்கிறது. காலையில் கணவன் ஆபீஸ் போனான். வாசலில் அவன் அடையாள அட்டையைத் தேய்த்த நேரம் அங்கே பதிவாகியிருக்கிறது. மத்தியானம் மாமியார் வந்து பார்த்தபோது மருமகள் தரையில் கிடந்தாள். கிளம்புவதற்கு முன்பே அவன் கொன்றுவிட்டான் என்பது போலீஸ் கட்சி. அவன் ஆபீசுக்குள் நுழைந்த பிறகும் அவள் உயிரோடு இருந்தாள் என்பதற்கு ஒரு சாட்சி கிடைத்தால் அந்தக் கட்சி சரிந்துவிடும். சாட்சி இந்த லேப்டாப்தான். வெளிநாட்டுப் படங்களின் வசனத்தை மொழிபெயர்த்துத் திரைக்கு அடியில் வரும்படி எழுதிக் கொடுப்பது அவளுடைய தொழில். எழுதியதை எந்த நேரத்தில் சேமித்தாள் என்பது உள்ளே இருக்கும்.

ரேடியோ பட்டனை அழுத்தினாள். உள்ளே விசிறி ஒரு மூச்சு இழுத்தது, அவ்வளவுதான், நின்றுவிட்டது.

"எழுந்திருக்கப் பாக்குது மாமா. போர்வையை விலக்கிட்டு மறுபடியும் படுத்துக்குது. லீவு முடிஞ்ச மறுநாள் நான் பண்றதேதான்."

"போர்டைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி சுவத்துல ஆரம்பி."

மேஜை விளக்கைப் பிடுங்கிச் சுவரின் பிளக் பாயின்ட்டில் சொருகிப் பார்த்தாள். எரிந்தது. மேஜைக்கடியில் இருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஒவ்வொரு ஓட்டையிலும் சொருகிப் பார்த்தாள். நடு ஓட்டையில் மட்டும் எரியவில்லை. சார்ஜர் அதில் இல்லை, ஓரத்து ஓட்டையில் இருந்தது. அங்கே கரண்ட் இருந்தது. சார்ஜர் பெட்டியின் முதுகில் பச்சை விளக்கும் ஒழுங்காக எரிந்தது.

"சுவர் நிரபராதி. பாக்ஸ் முக்கால் நிரபராதி. ஒயரு?"

ஒயரை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை விரலால் நீவினார் சர்வேயர். வெட்டு இல்லை, மடிப்பு இல்லை, சூடும் இல்லை. லேப்டாப்பில் நுழையும் பின்னை மெல்ல ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. பின்னை உருவிவிட்டு, அது போகும் ஓட்டைக்குள் ரேடியோ டார்ச் அடித்தாள். கருகல் இல்லை, தூசி இல்லை. பட்டனை நெடுநேரம் அழுத்திப் பிடித்து, உள்ளே தங்கியிருந்த கரண்ட்டை வடித்துவிட்டு, திரும்பப் பின்னைச் சொருகி அழுத்தினாள். விசிறி மறுபடி ஒரு மூச்சு இழுத்து ஓய்ந்தது.

"பேட்டரி?"

"அது போய் ரொம்ப நாளாச்சு தம்பி" என்றாள் அம்மாள் வாசலிலிருந்தே. "ஒயர் கழண்டா படக்குனு அணைஞ்சிடும். ஒரு நாள் கூட்டும்போது என் கால் பட்டுக் கழண்டுடுச்சு. அவ வேலை பாதி போச்சு. வேற ஒருத்தியா இருந்தா அன்னிக்கு வீடு ரெண்டாயிருக்கும். இவ சிரிச்சா. 'அத்தை, உங்க காலுக்கு ஒரு ஹாரன் மாட்டிக்கோங்க'ன்னா."

சொல்லி முடித்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அன்னிக்கு நீங்க உள்ள வந்தப்ப இந்த ஒயர் எப்படி இருந்துது? ஞாபகம் இருக்கா?" சர்வேயர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மறக்குமா? ஜன்னல் திரை மூடியிருந்துது. ஒரே இருட்டு. மேஜைக்குக் கீழ இந்தப் பச்சை விளக்கு மட்டும் மினுக்குனு எரிஞ்சுட்டு இருந்துது. அந்த வெளிச்சத்துலதான் அவ காலைப் பார்த்தேன்."

சர்வேயர் லேப்டாப்பைக் கவிழ்த்தார். சார்ஜர் பெட்டியையும் கவிழ்த்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டின் அடியிலும் எறும்பு எழுத்தில் ஏதோ அச்சடித்திருந்தது. ரேடியோ போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் புருவம் ஏறியது.

"மாமா, லேப்டாப் கேக்குறது தொண்ணூறு வாட். இந்த சார்ஜர் குடுக்குறது நாப்பத்தஞ்சு."

"ம்."

"பஸ்ஸை ஆட்டோ இன்ஜின்ல ஓட்டப் பாத்திருக்காங்க. பேட்டரி உயிரோட இருந்தா கொஞ்சம் தள்ளி விட்டிருக்கும். அதுவும் இல்லை. போர்டு போகலை மாமா, இது பசி மயக்கம்!"

"அப்போ போலீஸ் சொன்னது தப்பா?" அம்மாள் முதல் தடவையாக ஓர் அடி உள்ளே வைத்தாள்.

"தப்பும்மா" என்றார் சர்வேயர். ஆனால் அவர் குரலில் வெற்றி இல்லை. "எனக்கு வேற ஒண்ணு தெரியணும். இது அவங்க சார்ஜர் இல்லை. அவங்க சார்ஜர் எங்கே?"

தேடினார்கள். மேஜை இழுப்பறை, அலமாரி, கட்டிலுக்கடியில், துணிக்கூடை. இரண்டே அறை உள்ள வீடு. ஒளித்து வைக்க இடமும் இல்லை. சார்ஜர் கிடைக்கவில்லை.

ரேடியோ கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "யாரோ ஒருத்தர் லேப்டாப்போட இங்க வந்து உக்காந்திருக்காங்க. அதே கம்பெனி, அதே கறுப்பு, அதே பின். பக்கத்துல பக்கத்துல சொருகி வெச்சிருக்காங்க. போற அவசரத்துல குண்டுப் பிள்ளையைத் தூக்கிட்டு, ஒல்லிப் பிள்ளையை விட்டுட்டுப் போயிட்டாங்க. ஆனா வீட்டுக்குப் போய்ப் போட்டதுமே தெரிஞ்சிருக்குமே? திரும்ப வந்து மாத்தியிருக்கலாமே?"

"சின்ன லேப்டாப்புக்குப் பெரிய சார்ஜர் போட்டா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. அது வேண்டியதை மட்டும் எடுத்துக்கும். ஜம்முனு ஓடும்..." ரேடியோ நிறுத்தினாள்.

"அதான். இந்தப் பக்கம் லேப்டாப் செத்துடுச்சு. அந்தப் பக்கம் ஒரு குறையும் இல்லை. எடுத்துட்டுப் போன ஆளுக்கு, தான் மாத்தி எடுத்தது இந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது. தினமும் பையில சுமந்துட்டுத் திரியுது அந்த ஆள்."



கீழ்வீட்டில் ஒரு கணக்கு வாத்தியார் குடியிருந்தார். தண்ணீர் மோட்டார் போடும் விஷயத்தில் அவருக்கும் மேல்வீட்டுக்கும் ஆகாது. சண்டைச் சத்தம் கேட்டது என்று போலீசில் சொன்னவரும் அவர்தான். லேப்டாப்பில் பாடம் நடத்துகிறவர். சர்வேயர் கண்ணைக் காட்ட, ரேடியோ படியிறங்கினாள்.

வாத்தியார் கதவைப் பாதி திறந்தார். "என்னம்மா?"

"சார், ஒரு உதவி. உங்க லேப்டாப் சார்ஜரைக் கொஞ்ச நேரம் கடனாக் குடுப்பீங்களா? மேல ஒண்ணு மயங்கிக் கிடக்கு."

வாத்தியார் முனகிக்கொண்டே எடுத்துக்கொண்டு வந்தார். ரேடியோ பின்னைப் பார்த்தாள். சப்பை. மேலே உள்ளதோ உருண்டை. வாத்தியாரின் மேல் இருந்த சந்தேகம் அந்த வாசலிலேயே செத்தது.

"அன்னிக்குக் காலையில மேல யாராவது வந்தாங்களா சார்?"

"போலீசும் இதையே கேட்டுது. வெளியாள் யாரும் வரலைம்மா. வந்தா எனக்குத் தெரியாம இருக்குமா? படி என் ரூமுக்கு மேலதான் ஏறுது."

ரேடியோ திரும்பி வந்து அப்படியே ஒப்பித்தாள். சர்வேயர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"யாரும் வரலைன்னாரா? வெளியாள் யாரும் வரலைன்னாரா?"

"வெளியாள்னுதான் சொன்னார்." சொல்லிவிட்டு ரேடியோ அவர் முகத்தைப் பார்த்தாள். "ஓ."

அம்மாள் அதற்குள் கைப்பையிலிருந்து போனை எடுத்திருந்தாள். அவள் முகத்தில் பல நாளாக இல்லாத ஒரு தெளிச்சி.

"எதுக்கு ஊரான் வீட்டு சார்ஜர் தம்பி? நம்ம சின்னவன்கிட்ட இதே கம்பெனிதான் இருக்கு. பெரியவன்தான் பொண்டாட்டிக்கு வாங்கும்போதே தம்பிக்கும் சேத்து ஒண்ணு வாங்கிக் குடுத்தான். அவனுது கொஞ்சம் மெலிசு. பின்னெல்லாம் ஒண்ணேதான். வரச் சொல்றேன், இருங்க."

சர்வேயர் அவளைத் தடுக்கவில்லை.

அம்மாள் கூடத்தில் நின்று போனில் பேசுவது கேட்டது. "சின்னவனே, அண்ணியோட மிஷின் சாகலையாம்டா! சார்ஜர்தான் தப்பாம். உன்னுதை எடுத்துட்டு ஓடியா... ஆமாடா, அண்ணன் வந்துடுவான்டா..."

ரேடியோ மாமாவின் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள். "கடையில வாங்கிக்கலாம் மாமா. நான் ஓடிப் போய் வாங்கிட்டு வந்துடறேன். இந்த அம்மா வாயால கூப்பிட வேணாம்."

"கடை சார்ஜர் லேப்டாப்பை எழுப்பும். அவ்வளவுதான் செய்யும்."

"தெரிஞ்சேதான் கூப்பிட விடறீங்களா?"

"தெரியலை. தெரிஞ்சுடுமோன்னு பயமா இருக்கு."

சின்னவனின் ஆபீஸ் ஊரின் அந்தக் கடைசியில் இருப்பதாகவும், போக இரண்டு பஸ் மாற வேண்டும் என்றும் அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள். பையன் கெட்டிக்காரன், அடுத்த மாதம் கல்யாணம், பெண் வீட்டுக்காரர்கள் இவனுடைய வேலையைப் பார்த்துத்தான் சம்மதித்தார்கள் என்றாள். அண்ணி செத்ததிலிருந்து அவன் சரியாகத் தூங்குவதில்லை என்றும் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

இஸ்திரி கலையாத சட்டை. தோளில் லேப்டாப் பை. கழுத்திலிருந்து ஒரு நீல ரிப்பன் இறங்கிச் சட்டைப் பைக்குள் போயிற்று. நல்ல முகம். கண்ணுக்குக் கீழே மட்டும் கறுத்திருந்தது.

"இவ்வளவு சீக்கிரமா?" என்றாள் ரேடியோ. "ரெண்டு பஸ்ஸும் கைகோத்துட்டு வந்துதா?"

"ஆபீஸ் வேலையா இந்தப் பக்கம் வந்திருந்தேன்." அவன் சர்வேயரைப் பார்த்து வணக்கம் சொன்னான். "நிஜமாவே வேலை செய்யுமா சார்? ரிப்பேர்காரர் போர்டு போச்சுன்னு சொன்னாரே."

"போட்டுப் பாத்துடலாம் தம்பி. நீங்களே போடுங்க."

அவன் பையிலிருந்து சார்ஜரை எடுத்தான். மேஜைக்கு முன்னால் மண்டியிட்டு, தலையைக் குனியாமலே கையை மட்டும் அடியில் விட்டு, பழைய சார்ஜரை உருவிவிட்டு, அதே ஓரத்து ஓட்டையில் தன்னுடையதைச் சொருகினான். ஜன்னல் பக்கம் அவன் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

ரேடியோ பட்டனை அழுத்தினாள். விசிறி மூச்சு இழுத்தது. நிற்கவில்லை. திரையில் ஒரு வெளிச்சம் பரவி, எல்லார் முகத்திலும் நீலமாக அடித்தது.

"வந்துடுச்சு!" அம்மாள் வாசலைத் தாண்டி ஓடி வந்துவிட்டாள். கறை, ஜன்னல் எல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது. சின்னவனின் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள். "என் தங்கமே, நீதான்டா அண்ணனைக் காப்பாத்தினே!"

கணவன் லாக்கப்பிலிருந்து சொல்லி அனுப்பியிருந்த கடவுச்சொல்லை சர்வேயர் அடித்தார். அவள் கடைசியாகத் திறந்திருந்த வேலை ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றிருந்தது. அது சேமிக்கப்பட்ட நேரம் அன்றைய மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால். கணவன் ஆபீஸ் வாசலில் அட்டை தேய்த்து வெகுநேரம் ஆகியிருந்தது அப்போது.

"உங்க பெரிய பையன் இதைச் செய்யலைம்மா" என்றார் சர்வேயர். "இன்ஸ்பெக்டர் இதை வந்து பாத்தா போதும்."

அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சின்னவன் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தான். ரேடியோ அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி," சர்வேயர் சாதாரணமாகச் சொன்னார், "உங்க லேப்டாப்பையும் கொஞ்சம் வெளிய எடுங்க."

"எதுக்கு சார்?"

"சும்மாதான்."

அவன் எடுத்தான். மெல்லியது. சர்வேயர் அதைக் கவிழ்த்து ரேடியோவிடம் நீட்டினார். அவள் படித்தாள்.

"நாப்பத்தஞ்சு."

"இப்ப அவர் கொண்டுவந்த சார்ஜர்?"

"தொண்ணூறு."

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் எதுவும் எட்டவில்லை. சின்னவன் தன் சார்ஜரைப் பார்த்தான். பிறகு தரையில் கிடந்த மற்றதைப் பார்த்தான்.

"மாறியிருக்கும் சார். எப்பவாவது மாறியிருக்கும். ரெண்டும் பாக்க ஒண்ணுதானே? நான் இங்க முன்னாடி வருவேன்."

"கடைசியா எப்ப வந்தீங்க?"

"அது... ரொம்ப நாள் முன்னாடி."

"அன்னிலேர்ந்து மாறியிருந்தா உங்க அண்ணி எப்படி வேலை செஞ்சாங்க? இந்த லேப்டாப்புக்கு பேட்டரி கிடையாது. நாப்பத்தஞ்சு வாட்ல இது கண்ணைக்கூடத் திறக்காதுன்னு இப்பத்தான் பார்த்தோம். ஆனா அன்னிக்கு மதியம் வரைக்கும் ஓடியிருக்கு. அவங்களோட சொந்த சார்ஜர்ல ஓடியிருக்கு. உங்க அம்மா வந்து பாத்தப்ப இந்தச் சின்ன சார்ஜர்தான் இங்க எரிஞ்சுட்டு இருந்துது. அதுக்கப்புறம் இன்னிக்குக் காலையில வரைக்கும் சாவி போலீஸ்கிட்ட. நடுவுல இருக்குற அந்தக் கொஞ்ச நேரத்துலதான் மாறியிருக்கு."

"நான் அன்னிக்கு ஆபீஸ்ல இருந்தேன்."

"நல்லது. ஆபீசுக்கு ஒரு போன் போடுங்க. உங்க மேலதிகாரிகிட்ட நான் ஒரு வார்த்தை பேசிக்கறேன்."

சின்னவன் போனை எடுக்கவில்லை. ரேடியோ எட்டி, அவன் சட்டைப் பைக்குள் போயிருந்த நீல ரிப்பனை மெதுவாக இழுத்தாள். நுனியில் அட்டை இல்லை, வெறும் கொக்கிதான் இருந்தது.

"ஆபீஸ் இல்லை" என்றான் அவன்.

"என்னடா சொல்றே?" என்றாள் அம்மாள்.

"வேலை போய் வருஷமாகப் போகுதும்மா. ஆளைக் குறைச்சாங்க, அதுல நானும் போயிட்டேன். வேற கிடைச்சிடும், கிடைச்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். கிடைக்கலை. தினமும் டிபன் கட்டிக் குடுத்து அனுப்புவே, வாங்கிட்டு லைப்ரரி, பூங்கான்னு போய் உக்காருவேன். அண்ணி ஒரு நாள் பாத்துட்டாங்க. யார்கிட்டயும் சொல்லலை. வெயில்ல ஏன் உக்காரணும், அண்ணன் போனதும் இங்க வந்து உக்காந்து வேலை தேடுன்னாங்க. ஒரே மேஜையிலதான் உக்காந்திருப்போம். அவங்க இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். பசிக்குதான்னு கேப்பாங்க."

தரையில் கிடந்த ஒல்லிச் சார்ஜரைப் பார்த்தபடியே அவன் தொடர்ந்தான்.

"கல்யாணம் முடிவானதும் அவங்க மாறிட்டாங்க. அந்தப் பொண்ணை ஏமாத்தக் கூடாது, சொல்லிடுன்னு தினம் தினம். முந்தின ராத்திரி அண்ணன்கிட்ட சண்டையும் இதுக்குத்தான். ஏதோ மறைக்கிறேன்னு அண்ணன் கண்டுபிடிச்சுட்டாராம், என்னன்னு சொல்லச் சொல்லிக் கத்தியிருக்கார். என்னைக் காட்டிக் குடுக்கலை. மறுநாள் என்கிட்ட, இனிமே முடியாதுப்பா, இப்பவே நானே அண்ணன்கிட்ட சொல்லிடறேன்னு எழுந்தாங்க. போனை எடுத்தாங்க. அதைப் பிடுங்கத்தான் போனேன். தள்ளிட்டேன். அவ்வளவுதான்மா. ஒரு தள்ளு."

"அப்புறம்?" சர்வேயர் கேட்டார்.

"மேஜை சாஞ்சு ரெண்டு ஒயரும் பிடுங்கிட்டு வந்துடுச்சு. எல்லாத்தையும் ஒழுங்கா வெச்சா யாரும் வந்த மாதிரி தெரியாதுன்னு தோணுச்சு. மேஜையை நிமித்தினேன். கையில கிடைச்ச சார்ஜரை அண்ணி லேப்டாப்ல சொருகினேன். இன்னொண்ணைப் பையில போட்டேன். ஜன்னல் திரையை மூடிட்டுப் போயிட்டேன்."

அம்மாள் எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவள் மகனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நீ மேஜையை நிமித்தும்போது அவளுக்கு மூச்சு இருந்துதா?"

சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உன்னைத்தான் கேக்கறேன். இருந்துதா?"

"தண்ணி கேட்டாங்க" என்றான் அவன்.

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிற்று. ரேடியோ ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். சர்வேயர் போனை எடுத்து இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார். மூன்று வாக்கியம் பேசினார். சின்னவன் ஓடப் பார்க்கவில்லை. அம்மாள்தான் போய்க் கதவோரம் நின்றுகொண்டாள். அவனைத் தடுக்கவா, யாரும் உள்ளே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளவா என்று தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். இரண்டு சார்ஜர்களையும் அடுத்தடுத்து வைத்துக் கவிழ்த்துப் பார்த்தார். லேப்டாப் திரையைப் பார்த்தார். சின்னவன் திரும்பச் சொல்வதை நின்றபடியே கேட்டுக்கொண்டார். அவர் காதுமடல் சிவந்திருந்தது.

"உங்க பெரிய பையனை விசாரணைக்குத்தான் வெச்சிருந்தோம்மா" என்றார் அம்மாளிடம், அவள் முகத்தைப் பார்க்காமல். "இப்பவே விட்டுடறோம். யாராவது வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போகணும்."

"நான் வர்றேன்."

இரண்டு கான்ஸ்டபிள்கள் சின்னவனைப் படியில் இறக்கினார்கள். கணக்கு வாத்தியார் பாதி திறந்த கதவு வழியே பார்த்துவிட்டு, அதையும் சாத்திக்கொண்டார். அம்மாள் கடைசிப் படியில் நின்று சர்வேயரின் கையைப் பிடித்தாள்.

"தம்பி, ஒரே ஒரு உதவி. பெரியவன் வெளிய வரும்போது இவன் அங்க இருக்கக் கூடாது. இன்னிக்கு ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்க வேணாம். அதை மட்டும் செஞ்சு குடுங்க."

சர்வேயர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தெருவைப் பார்த்தார்.

"பாக்காம நான் பாத்துக்கறேன்மா. ஆனா போறதுக்கு இந்த ஒரு ஜீப்தான் இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நாம ஆட்டோ பிடிச்சுப் போகலாம்மா" என்றாள் ரேடியோ. "நான் உங்க கூடவே வர்றேன்."

அம்மாள் யோசித்தாள். ஆட்டோ பிடிக்கத் தெரு முக்குவரை நடக்க வேண்டும். பெரியவன் எத்தனையோ நாளாக உள்ளே இருக்கிறான்.

"வேணாம் பாப்பா. இதுலயே போயிடறேன்."

ஜீப்பின் பின்பக்கம் ஏறினாள். சின்னவன் அம்மாவுக்கு இடம் விட்டு உள்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தான். அவள் நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு, ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.